வெட்டிய மரத்தின் தூர்

எட்டாம் வகுப்பு அறிவியலில் காடழிப்பு பற்றிய பாடம். கரும்பலகையில் வழக்கம்போல ஒரு வரி எழுதினேன்: ‘மரங்களை வெட்டுவதால் மழை குறைகிறது; நிலம் பாலைவனமாகிறது.’ பணியில் சேர்ந்த நாளிலிருந்து எழுதிவரும் வரி அது. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் எழுதாமல் இருந்தாள். “என்னம்மா, பேனா எழுதலையா?” என்று கேட்டேன். எழுந்து நின்றாள்.

“சார், அப்ப எங்க அப்பா மூட்டம் போடுறது தப்பா?”

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பள்ளி இராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூர் வட்டாரத்தில் இருக்கிறது. மழை முடிந்து வயல் வேலை ஓய்ந்தால் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிவது சீமைக்கருவேல மரத்தை வெட்டியும் கரிமூட்டம் போட்டும் கிடைக்கும் கூலியில்தான். வகுப்பிலிருந்த பலருக்கும் அந்தக் கேள்வி சொந்தக் கேள்வி. நான், “அது வேறம்மா, பாடத்துல சொல்றது காட்டு மரத்தைப் பத்தி” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மணி அடித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அந்த வரியை அவள் கடைசிவரை எழுதவே இல்லை என்பதை நோட்டுத் திருத்தும்போது பார்த்தேன்.

அந்தப் பாடத்தை மறுபடியும் எடுத்தேன். ஒரு பாடவேளையில் முடிந்திருக்க வேண்டியது, ஏழு பாடவேளைகளையும் இரண்டு சனிக்கிழமைகளையும் எடுத்துக்கொண்டது. சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி, புதுக்கோட்டை போன்ற மானாவாரி வட்டாரங்களில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இதில் ஒன்றிரண்டாவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் கரும்பலகை வரியை நானே சரிபார்த்தேன். எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றில் வருவது. அந்த ஈரம் வங்கக்கடலிலிருந்து வருகிறது. எங்கள் ஊரில் நூறு மரத்தை வெட்டியதால் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகாமல் போய்விடாது. அமேசான் போன்ற பரந்த காட்டில் மரங்கள் விடும் நீராவியே மீண்டும் மழையாகப் பெய்கிறது. அங்கே பெரும்பரப்பில் காடு போனால் மழையும் குறையும். அந்தச் செய்தியை அப்படியே தூக்கிவந்து முதுகுளத்தூர்க் கரும்பலகையில் எழுதியதுதான் என் தவறு. இங்கே மரம் போனால் பெரிதும் மாறுவது, பெய்த மழை மண்ணில் விழுந்தபிறகு என்ன ஆகிறது என்பது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, வறண்ட நிலம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ‘மழையே இல்லாத இடம்’ என்றார்கள். அப்படியில்லை. ஓராண்டு மழையின் அளவை, அந்த இடத்து வெயிலும் காற்றும் ஓராண்டில் ஆவியாக்கக்கூடிய நீரின் அளவால் வகுக்க வேண்டும். விடை 0.65க்குக் கீழே இருந்தால் அது வறண்ட நிலம். உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 41 விழுக்காடு அப்படிப்பட்டதுதான். 200 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அங்கே வாழ்கிறார்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றி மைதானத்தில் வைத்தோம். இன்னொரு தட்டை வேப்ப மரத்தடியில் வைத்தோம். காலையிலும் மாலையிலும் ஸ்கேலால் அளந்தால் போதும். வெயில் தட்டு குறைந்த வேகத்தைப் பார்த்த ஒரு பையன், “நம்ம ஊர்ல மேல இருந்து வாரதைவிட மேல போறது ஜாஸ்தி சார்” என்றான். அதைவிட நல்ல வரையறையை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

அடுத்தது மண். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் மூன்றைப் படுக்கவைத்து, மேல்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு மண் நிரப்பினோம். ஒன்றில் வெறும் மண். ஒன்றில் மண்ணின் மேல் இலைச்சருகு. மூன்றாவதில் இரண்டு வாரம் முன்பே கேழ்வரகு விதைத்து முளைக்க விட்டிருந்தோம். மூடியுள்ள பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கும்படி சாய்த்து, மூடியைத் திறந்து கீழே டம்ளர் வைத்து, பூவாளியால் ஒரே அளவு தண்ணீர் தெளித்தோம். முதல் டம்ளரில் டீ நிறத்தில் தண்ணீர், அதுவும் உடனே வந்தது. மூன்றாவது டம்ளரில் தாமதமாக, கொஞ்சமாக, தெளிவாக வந்தது. பல பள்ளிகளில் செய்திருக்கக்கூடிய சோதனைதான். இதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு எக்டேர் நிலத்திலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் அடித்துச் செல்லப்பட்டால் எவ்வளவு? 10,000 சதுர மீட்டர், பெருக்கல் 0.001 மீட்டர், பத்துக் கன மீட்டர். மண் அள்ளும் டிராக்டர்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு ‘யூனிட்’ தெரியும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக மூன்றரை யூனிட் மண். ஒரே ஒரு மில்லிமீட்டர் போனதே மூன்றரை யூனிட் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

அந்த மண் எங்கே போகிறது? கண்மாய்க்குத்தான். இந்த மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உண்டு. ஒன்று நிறைந்து கலுங்கு வழிந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும்படி சங்கிலியாகக் கட்டியவை. மேட்டு நிலத்தில் மரமும் புதரும் புல்லும் போனால் அங்கே நிற்க வேண்டிய மேல்மண் கண்மாய்க்குள் வந்து படிகிறது. கண்மாய் மேடாகிறது. அதே மழை பெய்தாலும் தேங்கும் தண்ணீர் குறைகிறது. தை மாதத்தில் நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் இல்லாமல் கருகுவதை எங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். மழை குறைந்ததால் மட்டும் அது நடப்பதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் அந்த மாணவியின் கேள்வி அப்படியே நின்றது. அவள் அப்பாவையே வகுப்புக்கு அழைப்பது என்று முடிவு செய்தேன்.

மூட்டம்

அவர் வரத் தயங்கினார். “நான் வந்து என்னத்த சார் சொல்றது?” என்று வாசலிலேயே நின்றார். “அண்ணே, எனக்குத் தெரியாததைத்தான் கேக்கப்போறேன், வாங்க” என்று அழைத்து நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்; ஐந்து நிமிடத்தில் கரும்பலகையில் சாக்பீஸால் படமே வரைந்துவிட்டார்.

வெட்டிய மரத்தைச் சில நாள் காயவிட வேண்டும். பெருங்கட்டைகளையும் சிறுகட்டைகளையும் இடம் பார்த்து நெருக்கி அடுக்க வேண்டும். அதன் மேல் தழையும் வைக்கோலும் பரப்பி, ஈர மண்ணால் மூட வேண்டும். விட்டிருக்கும் வாய் வழியே தீ வைத்து, பிடித்ததும் வாயை அடைத்துவிட வேண்டும். சின்னச் சின்னத் துளைகளில் வரும் புகையைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்கிறார். முதலில் வெள்ளையாக, அடர்த்தியாக வருவது கட்டையின் ஈரம். புகை மெலிந்து நீலமாக மாறினால் அந்தப் பக்கம் கரியாகிவிட்டது. மண் பூச்சில் எங்காவது வெடிப்பு விட்டுக் காற்று புகுந்தால் மொத்தமும் சாம்பல்தான். அதனால் இராத்திரியெல்லாம் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

குறைந்த ஆக்சிஜனில் மரம் சூடாகும்போது என்ன நடக்கிறது என்பதை இதைவிட நன்றாக என்னால் நடத்த முடியாது. அவர் போனபின் ‘காற்று புகுந்தால் ஏன் சாம்பல்?’ என்று ஒரு கேள்வியைக் கரும்பலகையில் போட்டேன். பாதி வகுப்பு கை தூக்கியது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், மூட்டத்தைப் பிரிக்கும்போது குழந்தைகள் அருகில் நிற்கக்கூடாது என்பதையும் அப்போதே சொன்னேன். அது பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் ஊரில் சொல்லியாக வேண்டியது.

கணக்கு இங்கேயும் உண்டு. மண் மூட்டத்தில் ஒரு கிலோ கரிக்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு கிலோ வரை விறகு போகும். மரத்தின் ஈரத்தையும் போடுபவரின் கைப்பக்குவத்தையும் பொறுத்தது. 30 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஐந்து மடங்கு என்று வைத்தால் 150 கிலோ விறகு. தேய்ப்புக் கடைக்குப் போகும் ஒரு மூட்டைக்குப் பின்னால் 150 கிலோ மரம் நிற்கிறது.

பிறகு நான் கேட்டேன்: “அண்ணே, இவ்வளவு வெட்டுறீங்களே, மரம் தீர்ந்துபோகாதா?”

“தூரைத் தோண்டிப்புட்டா தீந்துரும் சார். நாங்க தோண்ட மாட்டோம்ல. தரையோட ஒட்டி வெட்டுவோம். ஒரு மழை பேஞ்சாச் சிம்பு வெடிச்சுரும். மூணு நாலு வருசத்துல மறு வெட்டுக்கு வந்துரும். தூரு இருந்தாத்தான எங்களுக்குச் சோறு.”

அவருடைய மகள் அப்போது என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பாடம் திரும்பிய இடம் அதுதான். வெட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெட்டிய பிறகு தரையில் என்ன மிச்சமிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

மூன்று தூர்கள்

முதல் சனிக்கிழமை, தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி பெற்று, ஊரைச் சுற்றித் தூர் பார்க்கப் போனோம். வெட்டப்பட்ட மரம் எது கண்ணில் பட்டாலும் என்ன மரம், எதற்கு வெட்டினார்கள், துளிர்த்திருக்கிறதா, துளிரை ஆடு கடித்திருக்கிறதா, சுற்றியுள்ள மண் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். நாலு பேருக்கு ஒரு தாள். இந்தச் செயல்பாட்டுக்குச் செலவே இல்லை. எந்த ஊரிலும் செய்யலாம்.

அதிகம் கிடைத்தது எதிர்பார்த்ததுபோலச் சீமைக்கருவேலம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் பக்கத்து மரம். 1870களில் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதிக்கு விறகுத் தேவைக்காகக் கொண்டுவரப்பட்டது. வடமாவட்டங்களில் வேலிக்காத்தான் என்பார்கள்; திருநெல்வேலிப் பக்கம் சீமை உடை. தரைக்கு மேல் எத்தனை முறை வெட்டினாலும் வேர்க்கழுத்தில் உள்ள மொட்டுகளிலிருந்து கொத்தாகச் சிம்பு விடும். நாங்கள் பார்த்த தூர்களில் ஒன்றுகூடத் துளிர்க்காமல் இல்லை. இலையை ஆடு சீண்டுவதில்லை. நெற்றைத் தின்னும், விதையைப் புழுக்கையோடு ஊரெல்லாம் போடும். பிள்ளைகள் ஒரு வாய்வழிச் செய்தியையும் கொண்டுவந்தார்கள்: இந்த மரம் காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சி மழையைத் தடுக்குமாம். இதற்கு ஆதாரமில்லை. எல்லா மரத்தையும்போல இதுவும் வேரால் நீரை எடுத்து இலை வழியே காற்றில் விடுகிறது. அதன் வேர் மிக ஆழம் போகும், புதர் அடர்ந்தால் அடியில் புல் முளைக்காது, நீர்வழிகளை அடைக்கும் என்பவை உண்மை. உண்மையே போதுமானது. அதற்கு மேல் நாம் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தூர், பனை. சாயல்குடிப் பக்கம் போகும் சாலையோர வயல் வரப்பில் வரிசையாக ஏழு தூர்கள். ஒன்றில்கூடத் துளிர் இல்லை. இருக்கவும் முடியாது. பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று, அதுவும் உச்சியில். அதை எடுத்தால் மரம் முடிந்தது. ஒருவித்திலைத் தாவரம் பற்றிப் பாடத்தில் படித்தது பிள்ளைகளுக்கு அங்கே நின்றுதான் புரிந்தது. எங்களோடு வந்த ஒரு மாணவனின் தாத்தா பழைய பனையேறி. அவர் ஒரு தூரின் மேல் உட்கார்ந்துகொண்டு, “இது காய்க்க ஆரம்பிக்கவே பன்னெண்டு, பதினஞ்சு வருசம் ஆகும். செங்கச் சூளைக்குப் போச்சு. ஒரு நா எரியுமாடா?” என்றார். பதநீர், நுங்கு, கிழங்கு, கருப்பட்டி, ஓலை என்று அவர் விரல்விட்டு எண்ணியவை அனைத்தும் மழையில்லாத மாதங்களிலும் வந்த வருமானம். அந்த ஏழு தூர்களுக்கு நடுவே வரப்பு இரண்டு இடத்தில் உடைந்து, மண் சாலைக்கு வந்திருந்ததைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பனை நம் மாநில மரம். 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. அதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, தூரைத் தடவிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலம். 1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கண்மாய்களில் நட்ட மரம் இது. கலப்பைக்கும் வண்டிக்கும் இதன் கட்டை, தோல் பதனிடப் பட்டை, ஆட்டுக்கு நெற்று. வெட்டினால் சீமைக்கருவேலம்போல நம்பித் துளிர்க்காது. விதையிலிருந்துதான் வர வேண்டும்; வந்தாலும் ஆடு விட்டுவைக்க வேண்டும். எங்கள் பக்கத்துச் சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் 2022இல் ராம்சர் பட்டியலில் அறிவிக்கப்பட்டவை. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் அங்கே பறவைகள் கூடு கட்டுகின்றன.

திரும்பி வந்து மூன்று பத்தி அட்டவணை போட்டோம். ‘மரம் வெட்டுதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செயல்கள் இருக்கின்றன என்று ஒரு மாணவி எழுதினாள். முதலாவது, அறுவடை மாதிரி. இரண்டாவது, கொலை மாதிரி. மூன்றாவதுக்கு அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை; ‘கடன் மாதிரி’ என்று எழுதி அடித்துவிட்டிருந்தாள். அடித்திருக்க வேண்டாம் என்று சொன்னேன்.

அடுப்பங்கரை

வீட்டுப்பாடம் ஒன்று: வீட்டில் உள்ள மூத்த பெண்ணிடம் கேட்டு எழுதி வர வேண்டும். சின்ன வயதில் எந்த விறகு எரித்தீர்கள், எவ்வளவு தூரம் போனீர்கள், இப்போது எப்படி? ஆய்வு என்றதும் அப்பாவிடமும் தாத்தாவிடமும் போய்விடுவார்கள். விறகைப் பொறுத்தவரை விவரம் தெரிந்தவர்கள் பெண்கள். அதனால் இதை வலியுறுத்திச் சொன்னேன்.

வந்த பதில்களில் ஒன்று என்னை நிறுத்தியது. பாட்டிமார்கள் பலர் சீமைக்கருவேலத்தைத் திட்டவில்லை. அது வருவதற்கு முன் உடை முள்ளுக்கும் சுள்ளிக்கும் விடியுமுன் எழுந்து நெடுந்தூரம் நடந்திருக்கிறார்கள். அது கிடைக்காத நாளில் பருத்திமார், மிளகாய்மார், கடைசியாக வறட்டி. வறட்டி அடுப்புக்குப் போனால் வயலுக்கு எரு இல்லை. வறண்ட நிலத்தில் மரம் தீரும்போது நடக்கும் கேடுகளில் வெளியே தெரியாதது இது. மரம் போனதோடு நிற்பதில்லை. மண்ணுக்குப் போக வேண்டிய சாணமும் அடுப்புக்குப் போய்விடுகிறது. சீமைக்கருவேலம் வீட்டு வாசலுக்கே வந்தபோது அந்த நடை குறைந்தது. வயலைக் கெடுத்த மரமே பெண்களின் கழுத்துப் பாரத்தையும் இறக்கியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொன்னேன். பிள்ளைகளுக்கு இது கடினமாக இருந்தது. நல்ல மரமா கெட்ட மரமா என்று ஒரே சொல்லில் விடை வேண்டும் என்று பழக்கியது நாம்தானே.

இப்போது எல்லா வீட்டிலும் எரிவாயு அடுப்பு இருக்கிறது. ஆனால் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். சிலிண்டர் தீர்ந்து காசு சேரும்வரை எல்லாவற்றுக்கும் விறகுதான். பள்ளியின் சுருள்வில் தராசை ஆளுக்கு ஒரு நாள் வீட்டுக்குக் கொடுத்து, அன்றைய விறகை எரிக்கும் முன் நிறுத்து எழுதச் சொன்னோம். தராசு வீடு வீடாகப் போனதில் அம்மாக்களுக்கு முதலில் சிரிப்பு. பிறகு, “நேத்தைக்குக் கூட எரிஞ்சிருக்கு, எழுதிக்க” என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்களாம்.

எங்கள் ஊரின் கதையை வேறொரு வறண்ட நாட்டோடு ஒப்பிட ஒரு பாடவேளை எடுத்தேன். ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் உள்ள நைஜர். 1970களிலும் 80களிலும் கடும் வறட்சி. விறகுக்கும் விவசாயத்துக்கும் மரங்கள் வெட்டப்பட்டு, மணல் காற்று பயிரை மூடியது. நட்ட கன்றுகள் பெரும்பாலும் செத்தன. 1983இல் மராடிப் பகுதியில் பணியாற்றிய ஆஸ்திரேலிய வேளாண் அலுவலர் டோனி ரினாடோ, வயல்களில் ஆண்டுதோறும் வெட்டி எறியப்படும் ‘புதர்’கள் உண்மையில் வெட்டப்பட்ட மரங்களின் தூர்களிலிருந்து வரும் துளிர்கள் என்பதைக் கவனித்தார். வேர் உயிரோடு மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு தூருக்குச் சில துளிர்களை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழித்து, ஆட்டிடமிருந்து காத்தால் போதும். உழவர்கள் செய்தார்கள். பல ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் எக்டேரில் மரங்கள் திரும்பின. 2018இல் ரினாடோவுக்கு வாழ்வுரிமை விருது கிடைத்தது. பிள்ளைகள் அதிகம் பேசியது இன்னொரு செய்தியைப் பற்றி. பிரெஞ்சுக் காலனிக் காலத்திலிருந்தே அங்கே வயலில் நின்ற மரமும் அரசுக்குச் சொந்தம்; உழவர் கிளையை வெட்டினால் தண்டம். தன்னுடையதல்லாத மரத்தை யார் காப்பார்கள்? விதிகள் தளர்ந்து, வயல் மரம் உழவருடையது என்ற நம்பிக்கை வந்தபோதுதான் தூர்கள் காக்கப்பட்டன.

“நம்ம ஊர்ல கண்மாய் மரம் யாருது சார்?” என்று உடனே கேள்வி வந்தது. ஊராட்சி, வருவாய்த் துறை, நீர்வளத் துறை, வனத் துறை என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். “அப்ப நம்மளுது இல்லையா?” என்றான் ஒருவன். அடுத்த கிராம சபையில் இதைக் கேட்கலாம் என்றேன். கேட்டார்கள், பதில் இன்னும் வரவில்லை.

சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்ற 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும், அயல் ஊடுருவித் தாவரங்களுக்கென 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையை வெளியிட்டதும் பெரிய பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தன. எங்கள் கண்மாயிலும் ஒரு கோடையில் ஜேசிபி இறங்கியது. இரண்டாவது சனிக்கிழமை அங்கே போய்ப் பார்த்தோம். அகற்றியதோடு விட்ட பகுதியில் ஆட்டுப் புழுக்கை வழியே வந்த கன்றுகள் ஆள் உயரத்துக்கு நின்றன. ஓரத்தில் மட்டும், அகற்றிய மழையிலேயே உளுந்து விதைத்து, இரண்டு ஆண்டுகள் கன்றுகளைப் பிடுங்கி எறிந்த இரண்டு குடும்பங்களின் துண்டு நிலம் சுத்தமாக இருந்தது. அகற்ற வேண்டிய மரம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கண்மாய்க்குள்ளும் வரத்துக்கால்களிலும் அது இருக்கவே கூடாது. ஆனால் அகற்றிய மறுநாள் அந்த மண்ணில் யார் என்ன செய்வார்கள், அதை வெட்டிப் பிழைத்தவர்கள் எங்கே போவார்கள் என்று முடிவு செய்யாமல் இயந்திரத்தை இறக்கினால், டீசல் செலவுதான் மிச்சம். மூட்டம் போடும் அண்ணனிடம் இதைக் கேட்டேன். “கண்மாய்க்குள்ள இருக்கதத் தூரோட எடுக்கணும்னா அதுக்கும் நாங்கதான் சார் சரியான ஆளு. தூரு எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு எங்களுக்குத்தான் தெரியும்” என்றார்.

எங்கள் பள்ளியிலும் ஒரு தூர் இருந்தது. சுற்றுச்சுவர் கட்டும்போது வெட்டப்பட்ட வேம்பு. ஜூன் மாதந்தோறும் நாங்கள் நடும் கன்றுகளில் ஆகஸ்டைத் தாண்டியவை மிகச் சில. அந்தத் தூரிலோ யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஒன்பது துளிர்கள் நின்றன. வகுப்பு கூடிப் பேசி மூன்றை விட்டு மற்றதைக் கழித்தது. சுற்றிலும் சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடைத்தார்கள். முள் கொண்டுவந்தவள் அந்த மாணவி. அரிவாள் பிடித்தவர் அவள் அப்பா.

ஆண்டுத் தேர்வில் ‘காடழிப்பின் விளைவுகளை எழுதுக’ என்று கேட்டிருந்தார்கள். அவள் ஐந்து விளைவுகளையும் பாடநூலில் உள்ளபடி எழுதியிருந்தாள். அடியில், ‘தூர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்’ என்று ஒரு வரி தனியாக இருந்தது. விடைக்குறிப்பில் அதற்கு மதிப்பெண் இல்லை. ஐந்துக்கு ஐந்து ஏற்கெனவே போட்டுவிட்டதால் அதன் பக்கத்தில் ஒரு டிக் மட்டும் போட்டேன்.

கடைசி வேலை நாளன்று அறிவியல் அறை வாசலில் வந்து நின்றாள். விடுமுறைக்கு அப்பா அம்மாவோடு பக்கத்து ஊர் மூட்டத்துக்குப் போகிறாளாம். தராசு வேண்டும் என்றாள். “எத்தனை கிலோ விறகுக்கு எத்தனை கிலோ கரின்னு நிறுத்து எழுதிக்கிட்டு வாரேன் சார். நீங்க நாலுல இருந்து ஆறுன்னு சொன்னீங்க. எங்க அப்பா போட்டா நாலுக்குக் கீழயே வரும்.”

பிரிக்கும்போது பக்கத்தில் நிற்கக்கூடாது என்று மறுபடியும் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தராசைக் கொடுத்தனுப்பினேன். பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.